கொடியிடம் சொன்ன பெயர்

"எனக்குக் கத்தி எப்பத் தருவே, தாயி?" என்று ஈச்சன் கேட்டான்.

சடைச்சி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்தாள். இருமினாள். விறகை உள்ளே தள்ளினாள்.

பதில் சொல்லவில்லை.

குரு வாயைத் திறக்காவிட்டால் அதையே பெரிய உபதேசமாக எடுத்துக்கொண்டு மெய்சிலிர்க்கிற சீடர்கள் உண்டு. ஈச்சன் அந்த ரகமில்லை. அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

"கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்பச் சொல்லு."

"புத்துமண்ணக் குழைச்சு வையின்னேனே. வச்சியா?"

அவன் வைக்கவில்லை. எழுந்து போய் மண் குழைக்க உட்கார்ந்தான்.

மேற்கு மலையில், மழை வந்தால் விருந்தாளி போல் மாதக்கணக்கில் தங்கிவிடுகிற ஒரு காட்டில், அவர்கள் குடி இருந்தது. ஈத்தை என்னும் காட்டுமூங்கில் இலை வேய்ந்த சில குடிசைகள். மேலே மரங்கள். மரங்களுக்கு மேலே மேகம். கீழே ஓர் ஆறு. ஆறு இறங்கியிருக்கும் காலத்தில் அக்கரைக்குப் போய், பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆறு ஏறிவிட்டால் கடவுளிடமும் சடைச்சியிடமும்தான் போக முடியும்.

சடைச்சியிடம் ஒரு கத்தி இருந்தது. கூரையில் செருகி வைத்திருப்பாள். ஒரு சாண் நீளம்கூடத் தேறாது. அதைக்கொண்டு காய் நறுக்கக் கூடாது. கயிறு அறுக்கக் கூடாது. அது வெட்ட வேண்டியது ஒரே ஒரு கொடியைத்தான்.

பெரிய மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறி, உச்சியில் போய் வெயில் தேடும் கொடி அது. தண்டை வெட்டினால் உள்ளே பளிச்சென்று மஞ்சள் தெரியும். கீழே ஊரில் மருந்துக்கடைக்காரர்கள் அதை மரமஞ்சள் என்று துண்டு போட்டு விற்பார்கள். மலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆத்தா என்பார்கள். விடாத காய்ச்சலுக்கும் அழுகிற புண்ணுக்கும் அவள்தான். ஒரு பெண் பிறந்து வளர்ந்து தாயாகிற காலம் போனால்தான் ஆத்தாளும் வெட்டக் கொடுப்பாள். அதற்குமுன் கத்தி வைத்தால் செத்துப்போவாள்.

சடைச்சி ஈச்சனைவிட இளையவள். முன்பெல்லாம் அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். சொல்லிக்கொடு என்று அவன் அவள் வாசலில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து "ஈச்சா" என்றாள். அவனும் "தாயி" என்றான். ஊரில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

அவனை முதல்முறை மேல்முகட்டுக்குக் கூட்டிப்போனபோது, சடைச்சி கொடியின் முன்னால் நின்று உரக்கச் சொன்னாள்.

"குறும்பாயிக்கு. காய்ச்சல் இறங்கல."

அப்புறம்தான் வெட்டினாள். ஒரே ஒரு கிளைத்தண்டு, கையளவு. வெட்டிய இடத்தில் மண் அப்பி, பாசி வைத்து, நார் போட்டுக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை வெட்டிய துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்குக் காது கேக்குமா, தாயி?"

"கேக்காது."

"பின்ன எதுக்கு இவ்வளவு சத்தமாச் சொல்ற?"

"எனக்குக் கேக்கும்ல."

குறும்பாயியின் குடிசையில் கஷாயம் ஆறியதும், சடைச்சி முதல் மடக்கைத் தானே குடித்தாள். அதுதான் வழக்கம். வைத்தியம் பார்க்கிறவள் குடிக்காததை நோயாளி குடிக்க வேண்டியதில்லை. யார் பேரைச் சொல்லி வெட்டினாய் என்று கேட்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

குடித்துவிட்டுச் சடைச்சி முகத்தை அஷ்டகோணலாக்கினாள். நாக்கை வெளியே நீட்டினாள். காய்ச்சலில் கிடந்த குறும்பாயிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தன வருசமாக் குடிக்கிற. இன்னுமா உனக்குக் கசக்குது?"

"கசக்கலேன்னா கத்திய வச்சிட வேண்டியதுதான்" என்றாள் சடைச்சி.

திரும்பி வரும் வழியில் மற்றதையும் சொன்னாள். ஒரு மழைக்காலத்துக்கு ஒரே வெட்டு. யார் வந்து எப்படிக் கெஞ்சினாலும் இரண்டாவது கிடையாது. தன் ரத்தத்துக்குத் தானே வெட்டக் கூடாது. அண்ணன், தம்பி, பிள்ளை யாராயிருந்தாலும் வேறொரு கைதான் வெட்ட வேண்டும்.

"அது ஏன்?"

"நம்ம ஆளுன்னா கை அகலமாப் போயிரும்."

ஈச்சன் தலையாட்டினான். அப்போது அவனுக்கு எல்லாமே எளிதாகத்தான் இருந்தது.

அவனுக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் வஞ்சி. அவளைப் பெற்றுப் போட்டுவிட்டுத் தாய் போய்ச் சேர்ந்தாள். ஈச்சன் அவளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு தேனெடுக்கப் போவான். சோற்றைக் குழைத்து ஊட்டுவான். பேன் பார்ப்பான். ஆம்பளை இதெல்லாம் செய்வானா என்று கேட்டவர்களிடம், நீ வந்து செய்யேன் என்பான். பால்பல் விழுகிற வயதுவரை அப்படி வளர்த்தான்.

போன மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடவேயில்லை. ஆறு ஏறியிருந்தது.

சடைச்சி கத்தியை எடுத்துக்கொண்டு விடியும்போதே மேல்முகட்டுக்குப் போனாள். உச்சிப்பொழுது தாண்டித் திரும்பி வந்தாள். ஈச்சன் முதலில் அவள் கையைத்தான் பார்த்தான். முழங்கைவரை சேறு. வேறொன்றும் இல்லை.

"ஆத்தா இல்ல, ஈச்சா. வேரோட தோண்டிட்டாங்க."

குழிக்குள் கைவிட்டு ஒரு துண்டு வேராவது கிடைக்காதா என்று துழாவியிருக்கிறாள். நகமெல்லாம் பிய்ந்திருந்தது.

அவளுக்குத் தெரிந்த வேறு பச்சிலைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். ராத்திரி பகலாக வஞ்சியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வஞ்சி பிழைக்கவில்லை.

கொடியைக் காட்டிக் கொடுத்தவன் யாரென்று ஊர் தேட வேண்டியிருக்கவில்லை. அவனே வந்து சொன்னான். தும்பன். சடைச்சியின் தம்பி, கூடப் பிறந்த ஒரே தம்பி.

கீழேயிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். கொடி எங்கே என்று காட்டினால் கூரைக்குத் தகரம் தருகிறோம் என்றிருக்கிறார்கள். ஒரு கையளவு மட்டும் வெட்டிக்கொள்வோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இவனும் நம்பியிருக்கிறான். வழியைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தகரம் வருகிறதென்று பெண்டாட்டியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வஞ்சியைப் புதைத்த அன்று தும்பன் வந்து ஈச்சன் காலில் விழுந்தான். ஈச்சன் அவனைத் தாண்டிப் போனான். திட்டவில்லை, அடிக்கவில்லை. கீழே ஏதோ கிடக்கிறது என்பதுபோல் காலைத் தூக்கி வைத்துப் போனான்.

ஊர் கூடி, தும்பன் வீட்டிலிருந்து யாரும் நெருப்பு வாங்கக் கூடாது, தண்ணீர் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சடைச்சியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். சரி என்று கை தூக்கினாள்.

தகரத்தை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. மழை பெய்தால் மற்றக் கூரைகளில் சத்தமே கேட்காது. தும்பன் வீட்டுக் கூரை மட்டும் தடதடவென்று அடிக்கும். ஈச்சன் தன் குடிசையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடப்பான்.

ஒருநாள் சடைச்சியிடம் கேட்டான்.

"ஆத்தா இருந்திருந்தா என் பிள்ள பொழைச்சிருக்குமா?"

"தெரியாது."

"பொழைச்சிருக்கும்னு சொல்லு."

"தெரியாது, ஈச்சா."

"சரி, பொழைச்சிருக்காதுன்னாவது சொல்லு."

"தெரியாதத எப்படிச் சொல்ல?"

அதற்கப்புறமும் பலமுறை கேட்டான். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோய்விடும் இவளுக்கு என்று அவன் பல்லைக் கடித்துக்கொள்வான்.

அந்த வருசம் முழுக்க அவன் காட்டில் திரிந்தான். தேனுக்கும் போகவில்லை, விறகுக்கும் போகவில்லை. தாடி வளர்ந்து, பார்க்கப் பயமாக இருந்தான். கடைசியில், யாரும் இறங்காத ஒரு பள்ளத்தில், ஒரு பெரிய வெடிப்பலா மரத்தில் இன்னொரு கொடியைக் கண்டுபிடித்தான். வெட்டக் கொடுக்கும் வயது வந்த கொடி. அதன் அடியில் உட்கார்ந்து மார் அடைக்க அழுதான். இத்தனை நாள் எங்கேடி இருந்தாய் என்று கேட்டான்.

சடைச்சியிடம் மட்டும் சொன்னான். அதற்குப் பிறகுதான் கத்தியைக் கேட்க ஆரம்பித்தான்.

மண்ணைக் குழைத்து வைத்துவிட்டு, அன்றைக்கும் அவளெதிரே வந்து நின்றான்.

"குழைச்சாச்சு. இப்பச் சொல்லு. கத்தி எப்ப?"

"எதுக்கு உனக்குக் கத்தி?"

"இனிமே இந்த மலையில எந்தப் பிள்ளையும் சாகக் கூடாது."

"அம்மாடி! பெரிய ஆளுதான்."

"கிண்டல் பண்ணாத தாயி. ஏன் தர மாட்டேங்கிற?"

"கை நிறைய வச்சிருக்க. எதுல வாங்குவ?"

ஈச்சன் கையைப் பார்த்தான். மண்ணாக இருந்தது. ஓடைக்குப் போய்த் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தான். அதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

இந்த வருசம் மழை முந்திக்கொண்டு வந்தது. ஆறு ஒரே நாளில் ஏறிவிட்டது.

தும்பன் மூங்கில் வெட்டப் போன இடத்தில் ஈரத்தில் கை நழுவி, அரிவாள் காலில் இறங்கியது. முதலில் பெரிதாகத் தெரியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தான். பிறகு கால் வீங்கியது. கறுத்தது. நாற்றம் எடுத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ஈச்சனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்கும் தெரிந்திருந்தது.

சடைச்சி தினமும் தம்பி வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிவிட்டு வந்தாள். ஒருநாள் திரும்பி வந்ததும் கூரையிலிருந்து கத்தியை எடுத்தாள். ஈச்சனெதிரே தரையில் வைத்தாள்.

"போயிட்டு வா."

ஈச்சன் குனிந்து பார்த்தான். இத்தனை நாள் கேட்ட கத்தி. கையை நீட்டவில்லை.

"யாருக்கு?"

"உனக்குத் தெரியும்."

"நீ போ."

"அவன் என் ரத்தம்."

"அவனுக்காக நான் போகணுமா, தாயி? என்னைப் பாத்துத்தான் சொல்றியா?"

"உன்னைப் பாத்துத்தான் சொல்றேன். வேற யாரு இருக்கா?"

"என்னால முடியாதுன்னா?"

"கத்தி அங்கயே கிடக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைக் கெஞ்சலாக வைத்துக்கொள்ளவுமில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழுதிருந்தாலாவது ஈச்சன் அவளைக் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான்.

கத்தி கிடந்தது. அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

பள்ளத்தில் இறங்குவதற்குள் கால் முழுக்க அட்டை. மழை இலைகளில் விழுந்து, அங்கிருந்து அவன் மேல் விழுந்தது. கொடி இருந்தது. தளதளவென்று இருந்தது. அவன் கண்டுபிடித்த கொடி, அவன் காவல் காத்த கொடி.

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை.

தொண்டையைக் காறித் துப்பிவிட்டு மறுபடி திறந்தான். "து" என்பதோடு நின்றது.

பெயரைச் சொல்லாமலே வெட்டிவிடலாம் என்று தோன்றியது. யார் பார்க்கப் போகிறார்கள்? கத்தியைத் தண்டில் வைத்தான். கை அழுத்தவில்லை. சடைச்சியைப் பார்த்துப் பழகின கை அது. வாய் சொன்ன பிறகுதான் வெட்டும்.

வெட்டாமல் திரும்பிப் போய், இந்தக் கொடியையும் எவனோ தோண்டிவிட்டான் என்று சொல்லலாம். அதுவும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் உடம்பில் ஒரு நிமிடம் தெம்புகூட வந்தது. தும்பன் குழிக்குள் இறங்குவதை அவன் மனக்கண்ணால் நன்றாகப் பார்த்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

தகரத்துக்கு, ஒரு கூரைத் தகரத்துக்கு என்று அவன் கொடியிடம் சொன்னான். கத்தினான். நெற்றியை அந்த மரத்தில் முட்டிக்கொண்டான்.

அப்போது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வஞ்சிக்கு. காய்ச்சல் விடல."

அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஒரு வருசமாகியிருந்தது. அவன் காதிலேயே அது விழுந்தது.

கை அழுத்தியது. வெட்டினான். உள்ளே மஞ்சள் பளீரென்று விரிந்தது. கண்ணீர் மறைத்ததில் எவ்வளவு வெட்டுகிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. பிறகு மண் அப்பினான், பாசி வைத்தான், நார் போட்டுக் கட்டினான். அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

சடைச்சி துண்டை வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவனிடமே கொடுத்தாள்.

"நீயே காய்ச்சு. வெட்டினவன்தான் காய்ச்சணும்."

ஈச்சன் துண்டை நறுக்கி, இடித்து, பானையில் போட்டான். தண்ணீர் சுண்டச் சுண்டக் குடிசை முழுக்கக் கசப்பு வாடை. சடைச்சி முறத்தில் கேழ்வரகை வைத்துக்கொண்டு கல் பொறுக்கினாள்.

இறக்கி வைத்ததும் அவள் கேட்டாள்.

"யார் பேரச் சொன்ன?"

ஈச்சன் பானையையே பார்த்தான்.

தும்பன் பேரை என்று சொல்லியிருக்கலாம். பள்ளத்தில் அவனும் கொடியும்தான் இருந்தார்கள். ஒரு சொல் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அப்படி ஒரு சொல்லை இவள் தனக்குச் சொல்ல மாட்டேன் என்றது அவனுக்கு நினைவு வந்தது. ஒரு வருசமாக அவளைத் திட்டித் தீர்த்த அதே வாயால் பொய் சொல்ல வரவில்லை.

"தும்பன் பேரு வரல, தாயி."

"துண்டைப் பாத்தப்பவே நினைச்சேன். கை அகலமாப் போயிருக்கு. யார் பேரு?"

"வஞ்சி பேரு."

சடைச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. தும்பன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு முனகல் சத்தம் வந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

"அப்ப இது அவளோடது" என்றாள் சடைச்சி. "கொண்டுபோய் அவளுக்குக் கொடு."

ஈச்சன் நிமிர்ந்து பார்த்தான்.

"தாயி..."

"ஆறிரும். எடுத்துட்டுப் போ."

"அவன் உன் தம்பி."

"ஆமா."

"நான் திரும்பிப் போறேன். இன்னொரு தண்டு வெட்டிட்டு வரேன். இந்தத் தடவ பேரச் சொல்லிருவேன். எப்படியாச்சும் சொல்லிருவேன்."

"ஒரு மழைக்கு ஒரு வெட்டு."

"செத்துருவான் தாயி!"

"வெட்டினவ நான் இல்ல. இது யாரோடதுன்னு சொன்னவ நான் இல்ல. அவளோடத எடுத்து அவனுக்குக் கொடுன்னு சொல்ல நான் யாரு?"

குரல் நடுங்கவில்லை. முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தாள். ஈச்சன் அவள் விரல்களைப் பார்த்தான். கேழ்வரகைப் பொறுக்கி வெளியே எறிந்துகொண்டிருந்தாள். கல்லெல்லாம் முறத்திலேயே கிடந்தது.

அவன் பானையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வஞ்சியைப் புதைத்த இடம் ஓடைக்கு மேலே, சரிவில், ஒரு நாவல் மரத்தடியில் இருந்தது. மேட்டின்மேல் புல் மண்டியிருந்தது. ஈச்சன் ஒரு கையால் புல்லை விலக்கிவிட்டு உட்கார்ந்தான். பானையை மடியில் வைத்துக்கொண்டான். சூடு தொடையில் சுட்டது.

"கொண்டுவந்திருக்கேன் கண்ணு" என்றான். "அப்பன் லேட்டாத்தான் கொண்டுவந்திருக்கேன்."

வைத்தியம் பார்க்கிறவன் முதலில் குடிக்க வேண்டும். ஒரு மடக்குக் குடித்தான். நாக்கில் தொடங்கி அடிவயிறுவரை கசந்தது. முகம் தன்னால் சுளித்துக்கொண்டது.

பானையைச் சாய்த்தான். விளிம்புவரை மஞ்சளாக வந்து நின்றது. அதற்குமேல் சாய்க்க முடியவில்லை. நேராக்கினான். மறுபடி சாய்த்தான். மறுபடி நேராக்கினான்.

கீழே ஊர் தெரிந்தது. ஈத்தைக் கூரைகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் மட்டும் புகை இல்லை.

அவன் மண்ணில் கையை வைத்தான். குனிந்து, காதோடு காதாகப் பேசுகிறவனைப்போல், வெகுநேரம் அப்படியே இருந்தான். அங்கே என்ன பேசினான் என்று மலையில் யாரும் அவனிடம் கேட்டதில்லை. எழுந்தபோது கண் வீங்கியிருந்தது. பானையில் ஒரு மடக்குத்தான் குறைந்திருந்தது.

சரிவில் இறங்கினான். தட்டிவிடாமல் இருக்க ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தான்.

தும்பன் வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். ஈச்சனைக் கண்டதும் பதறி எழுந்தாள். அந்த வீட்டு வாசலைச் சடைச்சி தவிர ஊர்க்காரர் யாரும் மிதித்து ஒரு வருசமாகியிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

உள்ளே நாற்றம் குடலைப் பிடுங்கியது. தும்பன் பாயில் கிடந்தான். ஆள் பாதியாகியிருந்தான். ஈச்சன் அவனை நேருக்கு நேர் பார்த்தும் ஒரு வருசமாகியிருந்தது.

"அக்கா வரலையா?" என்று தும்பன் முனகினான்.

"இல்ல."

தும்பன் கண்ணைத் திறந்தான். யாரென்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அண்ணே... நீயா?"

ஈச்சன் பக்கத்தில் உட்கார்ந்தான். கொட்டாங்கச்சியில் கஷாயத்தை ஊற்றினான். அவன் பார்க்கும்படி ஒரு மடக்குக் குடித்தான். மிச்சத்தை அவன் வாயருகே கொண்டுபோனான்.

தும்பன் உதட்டை மூடிக்கொண்டான்.

"யார் பேரச் சொல்லி வெட்டின, அண்ணே?"

கேட்டால் சொல்ல வேண்டும்.

"வஞ்சி பேர."

தும்பனின் முகம் கோணிக்கொண்டது. சுவர்ப்பக்கம் திரும்பினான். முதுகு குலுங்கியது.

"அது பிள்ளையோடது. நான் குடிக்க மாட்டேன்" என்றான். "செத்தாலும் குடிக்க மாட்டேண்ணே. எடுத்துட்டுப் போயிரு."

ஈச்சன் அவனைத் திருப்பினான். கொதிக்கும் அந்தத் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"அவகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றான். "வாயைத் திற."